வெற்றிலைத்தோப்பு முறை

பெருங்களத்தூர் மேம்பாலத்தில் இறங்கி ஆட்டோவில் பத்து நிமிடம் வந்தால் எங்கள் வெற்றிலைத்தோப்பு நகர். வெற்றிலையும் கிடையாது, தோப்பும் கிடையாது. ஆயிரத்து நானூறு வீடுகள், ஒரு அலங்கார வளைவு, ஒரு மேல்நிலைத் தொட்டி, அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற ஒரு பம்பு நிலையம். இந்த நான்கில் பம்பு நிலையம் மட்டும் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்ததால் அதைப் பற்றி யாரும் பேசியதில்லை.

நிலையத்தில் ஒரே ஒரு பம்புதான். அதை ஓட்டியவள் துர்கா. அனகாபுத்தூர்க்காரி. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவள். பதினொரு வருடமாக ஒப்பந்த ஊழியர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் முடியும், அவள் வேலை முடியாது. அப்படியே போய்க்கொண்டிருந்தது.

இங்கே பம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மோட்டார் ஒரு பக்கம், பம்பு ஒரு பக்கம். இரண்டையும் இணைப்பது ஓர் இரும்புத் தண்டு. தண்டு பம்பின் வயிற்றுக்குள் நுழைய ஒரு வாய் வேண்டும். வாய் இருந்தால் தண்ணீர் அது வழியாக வெளியே வரத்தான் பார்க்கும். அதனால் தண்டைச் சுற்றி, கிளாண்டு கயிறு என்று ஒன்றைத் திணித்து, மூடி போட்டு இறுக்கியிருப்பார்கள். தண்டு சுற்றும்போது கயிறு உரசும், உரசினால் சுடும். சுடாமல் இருக்க நிமிடத்துக்கு நாற்பது சொட்டு தண்ணீர் அந்த வழியாகக் கசிய வேண்டும். குறைந்தால் கயிறு கருகும், கூடினால் தண்ணீர் வீண். துர்கா போனில் பேசிக்கொண்டே இந்தச் சொட்டுகளை எண்ணுவாள். அடியில் ஒரு பழைய பெயின்ட் பக்கெட் வைத்திருந்தாள். அதில் சேரும் தண்ணீரை நிலையத்துக்குப் பின்னால் இருந்த இரண்டு பப்பாளி மரங்களுக்கு ஊற்றுவாள். பத்தொன்பது வருடமாகச் சொட்டிய பம்பு அது. அதில் கடைசிப் பதினொரு வருடச் சொட்டு இவள் பொறுப்பில்.

அந்த வருடத்தைத்தான் தலைமையகம் ‘சொட்டில்லா ஆண்டு’ என்று அறிவித்தது. ‘ஒவ்வொரு சொட்டும் நிர்வாகத்தின் கண்ணீர்’ என்ற வாசகத்தோடு எல்லா நிலையங்களுக்கும் சுவரொட்டி வந்தது. கூடவே எங்கள் வட்டாரத்துக்குப் புதுச் செயற்பொறியாளராக ஸ்ரீநிவாசராகவனும் வந்தார்.

அவரைப் பற்றித் தப்பாக ஒன்றும் சொல்ல முடியாது. கை சுத்தம். ஒன்பதரைக்கு அலுவலகம் வருவார். தயிர்சாதத்தை வீட்டிலிருந்தே கொண்டு வருவார். இருபத்தாறு வருடப் பணியில் கட்டடப் பிரிவு, சாலைப் பிரிவு, வரைபடப் பிரிவு எல்லாம் பார்த்திருந்தார். பம்பு ஒன்றைத்தான் பார்த்ததில்லை. முந்தைய அலுவலகத்தில் காகிதமில்லா நிர்வாகத்தை அவர்தான் கொண்டுவந்தார். அதற்கான சுற்றறிக்கையின் அறுபத்து நான்கு நகல்கள் இன்றும் அங்கே பத்திரமாக இருக்கின்றன. கொடைக்கானலில் மூன்று நாள் பயிற்சி முடித்து, ‘பூஜ்யமே இலக்கு’ என்று எழுதிய தொப்பியோடு எங்கள் நிலையத்துக்கு முதல் ஆய்வுக்கு வந்தார். உதவிப் பொறியாளர் ஹேமநாத் கோப்பைச் சுமந்துகொண்டு பின்னால் வந்தான்.

பம்பின் அருகே வந்ததும் அவர் நின்றார். பக்கெட்டைப் பார்த்தார். பிறகு மேலே பார்த்தார்.

“இது என்ன?”

“சொட்டு சார்” என்றாள் துர்கா.

“சொட்டு என்று எனக்கும் தெரிகிறது. ஏன் சொட்டுகிறது?”

“சொட்டணும் சார். சொட்டலன்னா தண்டு சூடாயி கயிறு எரிஞ்சுடும்.”

“சொட்டலாம் என்று யார் ஆர்டர் போட்டது?”

துர்கா ஹேமநாத்தைப் பார்த்தாள். ஹேமநாத் கோப்புகளைப் புரட்டினான். நிலையம் கட்ட ஆணை இருந்தது. பம்பு வாங்க ஆணை இருந்தது. வாசலில் கோலம் போட்டுக்கொள்ள நிபந்தனையுடன் கூடிய அனுமதி இருந்தது. சொட்டுக்கு மட்டும் எந்த ஆணையும் இல்லை. ஆகவே பத்தொன்பது வருடமாக எங்கள் பம்பு அனுமதியின்றிச் சொட்டிக்கொண்டிருந்தது என்பது அன்றைக்கு ஐயத்துக்கு இடமின்றி வெளிப்பட்டது.

மறுநாள் துர்காவுக்குக் குறிப்பாணை வந்தது. தங்கள் பணிநேரத்தில் நிமிடத்துக்கு நாற்பது சொட்டு வீதம் அரசு நீர் வெளியேறியதைத் தாங்கள் வேடிக்கை பார்த்ததோடு நில்லாமல் எண்ணவும் செய்திருக்கிறீர்கள் என்றும், எண்ணியதிலிருந்து தாங்கள் அதை அறிந்தே இருந்தீர்கள் என்பது தெளிவாகிறது என்றும், ஏழு நாட்களுக்குள் விளக்கம் தர வேண்டும் என்றும் அதில் இருந்தது. துர்கா ஒரே வரியில், பம்பு ஓட வேண்டுமானால் சொட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். விளக்கம் திருப்திகரமாக இல்லை என்று பதில் வந்தது. கூடவே மூடியை இறுக்கிச் சொட்டை நிறுத்துமாறு ஆணையும் வந்தது.

அவள் ஸ்பேனரைத் தொட மாட்டேன் என்றுவிட்டாள். ஹேமநாத் இன்ஜினியரிங் படித்தவன், அவனுக்கும் தெரியும். ஆனால் அவனுக்கு அந்த மாதம்தான் வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது. அவனே நட்டுகளை இரண்டு சுற்று இறுக்கினான். சொட்டு நின்றது. ஸ்ரீநிவாசராகவன் காய்ந்த தரையைப் போட்டோ எடுத்துத் தலைமையகத்துக்கு அனுப்பினார். இருபது நிமிடத்தில் புகை வந்தது. தீய்ந்த வாடை தெருமுனை வரை அடித்தது. சாயங்காலத்துக்குள் தண்டில் விரல் நுழையும் அளவுக்குப் பள்ளம் விழுந்து பம்பு நின்றது. ‘சொட்டு முழுமையாக நிறுத்தப்பட்டது; பம்பும் நிறுத்தப்பட்டது’ என்று ஹேமநாத் அறிக்கை எழுதினான். படிவத்தில் பம்பைப் பற்றிக் கேள்வி இல்லாததால் இரண்டாவது வாக்கியத்தை அடித்துவிட்டார்கள்.

எங்கள் குழாய்களில் காற்று வந்தது. நகர் நலச் சங்கச் செயலாளர் ராஜகோபாலன் டேங்கர் லாரிக்குத் தெரு வாரியாக அட்டவணை போட்டார். அவர் காப்பீட்டு நிறுவனத்தில் மேலாளராக ஓய்வு பெற்றவர். அட்டவணை போடுவதற்கு ஒரு காரணம் கிடைத்தால் அவருக்குப் பத்து வயது குறைந்துவிடும்.

ஹேமநாத்துக்கு உறுத்தியிருக்க வேண்டும். தண்டை மாற்றும்போது கிளாண்டு கயிற்றுக்குப் பதிலாக மெக்கானிகல் சீல் போடலாம், அது வெளியே சொட்டாது என்று குறிப்பு எழுதினான். கோப்பு தமிழில்தான் போக வேண்டும் என்பது விதி. அதனால் எழுத்தர் அதை ‘இயந்திர முத்திரை – ஒன்று’ என்று எழுதினார். கோப்பு எழுதுபொருள் பிரிவுக்குப் போனது. பதினெட்டு நாள் கழித்து, அழுத்தினால் தானே மை தொட்டுக்கொள்ளும் ரப்பர் ஸ்டாம்பு ஒன்று வந்து சேர்ந்தது. அதில் ‘செயற்பொறியாளர்’ என்று அழகாக இருந்தது.

திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். பெற்றுக்கொண்ட பொருளைப் பம்பில் பொருத்தியதற்குச் சான்று தந்தால்தான் அடுத்த கோரிக்கையைப் பரிசீலிக்க முடியும் என்றது எழுதுபொருள் பிரிவு. ஹேமநாத் ஒரு மத்தியானம் நிலையத்துக்கு வந்து, பம்பின் தலையில் அந்த ஸ்டாம்பை அழுத்தி, போட்டோ எடுத்துக்கொண்டு போனான். அதன் பிறகுதான் உண்மையான சீலுக்கு அனுமதி கிடைத்தது.

கிண்டியில் ஒரு கம்பெனியிலிருந்து ஸஹானா என்ற சர்வீஸ் இன்ஜினியர் அதைக் கொண்டுவந்தாள். ஒரு நாள் முழுக்க அவளும் துர்காவும் தரையில் உட்கார்ந்து மாட்டினார்கள். சீலின் முகத்தை விரலால் தொடக் கூடாது, ஒரு தூசி பட்டாலும் போச்சு என்று ஸஹானா சொன்னபோது, துர்கா துப்பட்டாவை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு மூச்சைக்கூட அளந்து விட்டாள். அவ்வளவு வழவழப்பான ஒரு பொருளை அவள் அதற்கு முன் கையில் வாங்கியதில்லை. கண்ணாடி மாதிரி அதில் தன் முகம் தெரிந்தது என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

வேலை முடியும் நேரத்தில் ஸ்ரீநிவாசராகவன் வந்து, இது எப்படி வேலை செய்கிறது என்று விளக்கச் சொன்னார். ஸஹானா சொன்னாள்: இரண்டு வளையங்கள். ஒன்று தண்டோடு சுற்றும், இன்னொன்று அசையாது. ஒரு ஸ்பிரிங் இரண்டையும் முகத்தோடு முகம் வைத்து அழுத்திக்கொண்டே இருக்கும். நடுவே தலைமுடியைவிட மெல்லிசாக ஒரு படலம் தண்ணீர் நிற்கும். ஈரக் கண்ணாடித் துண்டு இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் வழுக்கும், ஆனால் பிரியாதே, அந்த மாதிரி. அந்தப் படலத்தின்மேல்தான் முகங்கள் வழுக்கிக்கொண்டு போகின்றன.

“அப்படியானால் நடுவில் தண்ணீர் இருக்கிறது” என்றார் அவர்.

“இருக்கணும் சார். இல்லேன்னா ரெண்டு முகமும் உரசிக் கருகிடும்.”

“அந்தத் தண்ணீர் எங்கே போகிறது?”

“ரொம்பக் கொஞ்சம் சார். ஆவியா போயிடும். கண்ணுக்குத் தெரியாது.”

ஸ்ரீநிவாசராகவன் முகம் வெளுத்தது. பழைய கசிவாவது நிர்வாகத்தின் கண்முன்னே நடந்தது, இது நிர்வாகத்துக்குத் தெரியாமல் நடக்கும் கசிவு என்றார். முகங்களுக்கு நடுவே தண்ணீர் இல்லை என்று கம்பெனி சான்றிதழ் தர வேண்டும் என்றார். அப்படி எழுதித் தர முடியாது என்று ஸஹானா சொல்லிவிட்டாள். வேண்டுமானால் தண்ணீர் இல்லாமல் ஓட்டக் கூடாது என்று பெரிய எழுத்தில் எழுதித் தருகிறேன் என்றாள். எழுதி, பம்பு மேலேயே ஒட்டிவிட்டுப் போனாள். ஆங்கிலத்தில் இருந்ததால் அதை எடுக்கச் சொன்னார்கள்.

அடுத்த வாரம் சொட்டுத் தணிக்கைக் குழு வந்து, விழா எடுத்து, நிலையத்துக்குச் சான்று தருவதாக இருந்தது. முறை எளிமையானது. பம்பைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டுவார்கள். ஐந்து நிமிடம் ஓட்டுவார்கள். துணி நனையாவிட்டால் ‘சொட்டில்லா நிலையம்’. ஸ்ரீநிவாசராகவன் இரண்டு நாள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். உள்ளே தண்ணீர் இருந்தால்தானே வெளியே வரும் அபாயம். அதனால் தரைத்தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் குழாயின் வால்வை மூடிவிட்டு ஓட்ட வேண்டும்.

துர்கா அன்றைக்கு அவரிடம் கொஞ்ச நேரம் மன்றாடினாள் என்று ஹேமநாத் சொன்னான். “தண்ணி இல்லாம சுத்தினா அஞ்சு நிமிசம் தாங்காது சார். அந்தப் பொண்ணு அவ்ளோ சொல்லிட்டுப் போச்சு” என்றிருக்கிறாள். ஐந்து நிமிடம்தானே ஓட்டுகிறோம் என்று அவர் பதில் சொன்னார். அவளுடைய ஒப்பந்தம் அடுத்த மாதம் இருபதாம் தேதி புதுப்பிக்கப்பட வேண்டியது என்பதையும் பொதுவாக நினைவூட்டினார்.

விழா நாள் காலை ஹேமநாத் வால்வை மூடினான். வால்வு நிலையத்துக்குப் பின்னால் ஒரு குழியில் இருந்தது. விருந்தினர்களுக்குப் பப்பாளி மரமும் குழியும் தெரியக் கூடாது என்று அதன் முன்னால் இருபதடி ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். ஃப்ளெக்ஸுக்கு அந்தப் பக்கம் யார் என்ன செய்கிறார்கள் என்று இந்தப் பக்கத்திலிருந்து தெரியாது. பம்பை ஓட்டுவதற்கு ஐந்து நிமிடம் முன்பு துர்கா ஃப்ளெக்ஸுக்குப் பின்னால் போய்க் குழியில் இறங்கினாள்.

வால்வு முழுக்கத் திறக்கப் பதினேழு சுற்று. ஏழாவது சுற்றில் ஒப்பந்தம் நினைவுக்கு வந்ததாகவும், கை நின்றுவிட்டதாகவும் பின்னாளில் என்னிடம் சொன்னாள். பிறகு, அந்தச் சீல் காய்ந்து கத்தப் போவதைப் பக்கத்தில் நின்று கேட்க வேண்டுமே என்று நினைத்தாளாம். மீதிப் பத்துச் சுற்றும் தானாகப் போய்விட்டது என்றாள். மேலே வந்து துரு ஒட்டிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டாள்.

பம்பு பூனை மாதிரி ஓடியது. ஐந்து நிமிடம் ஆனது. துணியில் ஈரம் இல்லை. எல்லாரும் கை தட்டினார்கள். சிறப்பு விருந்தினர் மனம் நெகிழ்ந்து, பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே பேசுகிறேன் என்று முக்கால் மணி நேரம் பேசினார். அதற்குள் மேல்நிலைத் தொட்டி நிரம்பி, வழிந்து, இரண்டாவது குறுக்குத் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியது. சொட்டுப் படிவத்தில் தொட்டி வழிவதற்குக் கட்டம் இல்லாததால் அதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

ஆனால் ஸ்ரீநிவாசராகவன் கவனித்தார். வால்வு மூடியிருக்கிறது, தொட்டி நிரம்பியிருக்கிறது. அவர் கால்குலேட்டரை எடுத்து நிமிடத்துக்கு நாற்பது சொட்டைப் பத்தொன்பது வருடத்தால் பெருக்கினார். வந்த எண்ணைப் பார்த்து நாற்காலியில் சாய்ந்தார். கசிவை நிறுத்தியதால் மிச்சமான தண்ணீர்தான் தொட்டியில் ஏறியிருக்கிறது என்று தலைமையகத்துக்கு எழுதினார். தலைமையகம் அதைப் பாராட்டி, ‘வெற்றிலைத்தோப்பு முறை’ என்று பெயரிட்டு, தென் புறநகரின் மற்றப் பத்து நிலையங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. எல்லா நிலையங்களிலும் மெக்கானிகல் சீல் பொருத்த வேண்டும். வால்வை மூடிவைத்து ஓட்ட வேண்டும். தினமும் பத்தரை மணிக்குக் காய்ந்த துணியோடு போட்டோ அனுப்ப வேண்டும்.

பத்து நிலையங்களிலும் ஆணையை அப்படியே கடைப்பிடித்தார்கள். பொருத்தப் பொருத்த, பத்து சீல்களும் எட்டு நாளில் கருகின.

எங்கள் நிலையம் மட்டும் ஓடியது. துர்கா தினமும் காலையில் ஃப்ளெக்ஸுக்குப் பின்னால் போய்ப் பதினேழு சுற்று திறப்பாள், சாயங்காலம் பதினேழு சுற்று மூடுவாள். பார்வையிடப் பேருந்தில் ஆட்கள் வந்தார்கள். மூடிய வால்வின் மகிமையை ஸ்ரீநிவாசராகவன் அவர்களுக்கு விளக்கும்போது அவள் தலையைக் குனிந்து தரையைப் பெருக்கிக்கொண்டிருப்பாள். ராஜகோபாலன் வளைவில் பழைய பெயரை அழித்து ‘சொட்டில்லா நகர்’ என்று எழுதச் சொல்லி பெயின்டரை வரவழைத்தார். நாங்களும் பெருமையாகத்தான் இருந்தோம். குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தபோது பெருமைப்படுவதில் ஒரு சிரமமும் இல்லை.

கருகிய நிலையங்களுக்குக் குறிப்பாணை போனது. வெற்றிலைத்தோப்பில் முடிந்தது உங்களுக்கு ஏன் முடியவில்லை என்று கேட்டார்கள். மேடவாக்கம் பக்கத்து நிலையத்தின் ஆபரேட்டர் பிரேமைப் பணி இடைநீக்கம் செய்தார்கள். அவனுக்கு இரண்டு பிள்ளைகள், பெரியவளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். அவன் துர்காவுக்குப் போன் செய்தான். அழவில்லை, கோபப்படவும் இல்லை. “அக்கா, நீங்க எப்படி ஓட்டறீங்கன்னு மட்டும் சொல்லுங்க. நான் எங்க தப்பு பண்ணேன்னு எனக்குத் தெரியணும்” என்று கேட்டான்.

அவள் போனை வைத்துவிட்டாள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தன் பம்பைக் காப்பாற்றப் போய்ப் பத்துப் பம்பைக் கொளுத்தியவள் தான்தான் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. மூன்றாம் நாள் ஒரு முழு வெள்ளைத்தாளில், விழா நாளிலிருந்து வால்வைத் தினமும் திறந்தது நான்தான், பிரேம் ஆணைப்படிதான் நடந்தார், தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் எந்தச் சீலும் கருகும் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அலுவலகத்தில் கொடுத்து ரசீதும் வாங்கிக்கொண்டாள்.

விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. வெற்றிலைத்தோப்பு முறையில் அனுபவமுள்ளவர் ஒருவர்தான் இருந்ததால் ஸ்ரீநிவாசராகவனே தலைவர்.

“வால்வைத் திறந்தது நீங்களா?”

“ஆமா சார்.”

“எதற்காக?”

“தண்ணி வர்றதுக்கு சார்.”

குழு அதை ‘உள்நோக்கம்: தண்ணீர்’ என்று குறித்துக்கொண்டது. யாருடைய தூண்டுதலில் திறந்தீர்கள் என்று கேட்டார்கள். பம்பைத் தவிர யாரும் தூண்டவில்லை என்றாள். வால்வைத் திறந்ததால்தான் தண்ணீர் வந்தது என்பதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டார்கள். தொட்டியைப் பாருங்கள் என்று அவள் சொன்னதைக் குழு ஆதாரமாக ஏற்கவில்லை. ஆகவே, வால்வை நிஜமாகவே மூடி, பூட்டுப் போட்டு, சாவியைக் குழு வைத்துக்கொண்டு ஒரு சோதனை நடத்துவதென்று முடிவானது.

சோதனைக்கு முதல் நாள் ராஜகோபாலன் எங்கள் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு நிலையத்துக்குப் போனார். நானும் போனேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். வளைவில் பெயின்ட் காய்ந்துவிட்டது, விருது அறிவிப்பு அடுத்த வாரம், இந்த நேரத்தில் இந்தக் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் எல்லாருக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது என்றார்.

துர்கா எழுந்து நின்று கேட்டாள். பிறகு சொன்னாள்:

“நான் தொறந்தேன், உங்க வூட்டுக்குத் தண்ணி வந்துச்சு. நீங்க குளிச்சீங்க, குடிச்சீங்க. அத்த வரலன்னு நான் எழுதிக் குடுக்கணும், அதானே சார்?”

ராஜகோபாலன் அப்படிச் சொல்லவில்லை என்றார். எப்படிச் சொன்னார் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. நாங்கள் திரும்பி வரும்போது நகரின் வாட்ச்மேன் பிரச்சினையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தோம்.

சோதனை நடந்தது. வால்வைப் பூட்டினார்கள். சுவிட்சைப் போட துர்கா மறுத்துவிட்டதால் ஹேமநாத் போட்டான். முதல் நிமிடம் ஒன்றும் இல்லை. இரண்டாவது நிமிடம் ஒரு கீச்சொலி வந்தது. மூன்றாவது நிமிடம் அது அலறலாகி, தெருவில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. துர்கா வாசலுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். ஐந்தாவது நிமிடம் உள்ளே ஏதோ விண்டது. வெள்ளைத் துணி ஒரு ஓரத்தில் பழுப்பேறியிருந்தது. ஆனால் ஈரம் இல்லை. குழு உறுப்பினர்கள் ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்து உறுதி செய்தார்கள்.

அறிக்கை நான்கு பத்தியில் முடிந்தது. வால்வு மூடிய நிலையில் ஒரு சொட்டும் கசியவில்லை. எனவே முறை சரியானதே. சீல் கருகுவது சொட்டின்மையைப் பாதிக்கவில்லை என்பதால் அது குறைபாடு ஆகாது. இந்த அடிப்படையில் மேடவாக்கம் உள்ளிட்ட பத்து நிலையங்களும் உண்மையில் வெற்றி பெற்றவையே என்பதால், பிரேமின் இடைநீக்கம் ரத்து செய்யப்பட்டு அவருக்குப் பாராட்டுச் சான்றிதழ் வழங்கப்படுகிறது. ஒப்பந்த ஊழியர் துர்கா, விழா நாள் தொடங்கி முப்பத்தொரு நாட்கள் உரிய அனுமதியின்றிப் பொதுமக்களுக்குத் தண்ணீர் வழங்கியது நிரூபணமாவதால் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட மாட்டாது.

பிரேம் சான்றிதழை எடுத்துக்கொண்டு அனகாபுத்தூருக்கே போய் அவளைப் பார்த்தான். இத்தை வெச்சு இன்னா செய்வ என்று அவள் கேட்டாளாம். பிள்ளைக்குப் பாடப்புத்தகத்துக்கு அட்டை போடலாம் என்று சொன்னானாம். இரண்டு பேரும் ரொம்ப நேரம் சிரித்திருக்கிறார்கள். அவன் போன பிறகு அவள் அழுதாள் என்று அவள் புருஷன் சொன்னார். ஒரு மாதம் வீட்டில் இருந்தாள். பிறகு ஸஹானா விஷயம் கேள்விப்பட்டு வந்து, கிண்டி கம்பெனியிலேயே சீல்களைச் சோதித்துப் பார்க்கும் இடத்தில் வேலை வாங்கிக் கொடுத்தாள். அங்கே நாள் முழுக்கத் தண்ணீரில்தான் வேலை. கசிவை எண்ணி எழுத ஒரு நோட்டே உண்டு. முதல் நாள் அந்த நோட்டைக் கையில் கொடுத்ததும், இதற்கு மெமோ வராதே என்று கேட்டுக்கொண்டுதான் வாங்கினாளாம்.

எங்கள் நகருக்கு விருது வந்தது. கண்ணாடிக்குள் சொட்டு வடிவத்தில் ஒரு பித்தளை. ஸ்ரீநிவாசராகவன் பதவி உயர்வில் தலைமையகம் போனார். அடுத்து ‘தூசில்லா ஆண்டு’ என்கிறார்கள்.

புதிதாக வந்த செயற்பொறியாளர் ஸ்ரீவித்யா பம்பு தெரிந்தவர். நிலையத்தைப் பார்த்துவிட்டு நேராகச் சங்க அலுவலகத்துக்கு வந்தார். புதுச் சீல் வர ஆறு மாதம் ஆகும், ஆனால் கிளாண்டு கயிறு கைவசம் இருக்கிறது, ஒரே வாரத்தில் போட்டு ஓட்டித் தருகிறேன் என்றார். ஒன்றே ஒன்று, அது நிமிடத்துக்கு நாற்பது சொட்டு சொட்டும், விருதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்றார்.

சங்கத்தின் அவசரப் பொதுக்குழு கூடியது. டேங்கர் லாரி வரும் நேரம் என்பதால் பலரும் குடத்தோடு வந்திருந்தார்கள். இரண்டு மணி நேரம் பேசினோம். சொட்டில்லா நகர் என்ற பெயர் வந்த பிறகு வீட்டு விலை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ராஜகோபாலன் எடுத்துச் சொன்னார். வாடகைக்கு விட்டிருப்பவர்கள் தலையாட்டினார்கள். விற்க நினைத்திருப்பவர்கள் அதிகமாகத் தலையாட்டினார்கள். விருதுக் காலம் முடியும்வரை பம்பைப் பழுது பார்க்க வேண்டாம் என்று ஒரு மனு எழுதி, சுற்றுக்கு விட்டார்கள். ஸ்ரீவித்யா அதை இரண்டு முறை படித்துவிட்டு வாங்கிக்கொண்டு போனார். அந்த மனுவில் நூற்றுப் பன்னிரண்டாவது கையெழுத்து என்னுடையது.

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டை விலைக்குப் பார்க்க ஓ.எம்.ஆரில் ஐ.டி. கம்பெனியில் இருக்கும் ஒருவர் மனைவியோடு வந்தார். கவனமான மனிதர். மின்விளக்குகளைப் போட்டுப் பார்த்தார், கதவுகளைத் தட்டிப் பார்த்தார். பிறகு சமையலறை, குளியலறை என்று குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து, மூடி, அடியில் கை வைத்துப் பார்த்தார். ஒன்றிலும் ஒரு சொட்டு விழவில்லை.

“மெயின்டெனன்ஸ் பிரமாதம் சார்” என்றார்.